நோய் தீர்ந்தது, வலி தீரவில்லை



தொழுநோய் என்றால் உணர்ச்சியற்றுப்போன கைகால்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் வார்டில் நாங்கள் சந்திக்கும் சிலர், "நோய் சுகமாயிட்டதுன்னு சொல்றாங்க ஐயா, ராத்திரியெல்லாம் கால் நெருப்பா எரியுதே" என்று அழுகிறார்கள்.

இரண்டும் மெய்யே. 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமிகளைக் கொல்லும். அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே பழுதடைந்த நரம்புகளை அது சீராக்காது. தொட்டால் உணராத அதே பாதம் தானாக எரியும், குத்தும்.

இவ்வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் பலனளிப்பதில்லை. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், வலிப்புக்குத் தரும் காபாபென்டின் ஆகியவற்றையே மருத்துவர்கள் எழுதுகிறார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு தாயார், "எனக்கென்ன பைத்தியமா?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டவேண்டும், தூக்கக்கலக்கம் வரும், பலன் தெரிய வாரங்கள் ஆகும். அதற்குள் பலர் மனந்தளர்கிறார்கள். கூலி கிடைத்த வாரம் வாங்கி, கிடைக்காத வாரம் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. காபாபென்டினைத் திடீரென்று நிறுத்துவதோ ஆபத்து.

அந்தத் தாயாரிடம் டாக்டரம்மா அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். அவர் மறுபடியும் தொடங்கினார். வலி முழுவதும் போகவில்லை. ஆனால், "நாலு மணி நேரம் தூங்கினேன் ஐயா" என்று சென்ற மாதம் எங்களிடம் சொன்னார்.

தாங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு, இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை இடையில் விட்டுப்போகாதபடி காக்கிறது.