மின்வில் உலையால் நீக்க முடியாத செம்பு

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊதுலையை டாடா ஸ்டீல் நிறுவனம் 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது. அதற்கு மாற்றாக, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் உருக்குத் தரக்கூடிய மின்வில் உலை அங்கே எழுந்து வருகிறது. ஊதுலை, நிலக்கரியிலிருந்து எடுத்த கோக்கைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கிறது. மின்வில் உலைக்குப் பெரும்பாலும் பழைய இரும்புதான் தீனி.

உருகுவது எப்படி?

உலையின் மூடி விலகும். மேலே தொங்கும் பெரிய தொட்டியின் அடிப்பாகம் திறந்து, பழைய இரும்பு உள்ளே கொட்டும். மூடி திரும்பியதும் அதன் துளைகள் வழியே மூன்று கிராஃபைட் மின்முனைகள் இறங்கும். அவற்றின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்து வில் மூளும். வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிக்கும் அதே ஒளிதான். வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரு டன் உருக்குக்குச் சுமார் 400 யூனிட் மின்சாரம் தேவை. நவீன உலைகள் ஓர் ஈட்டை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகின்றன.

சுத்தமாவது எப்படி?

உருகிய இரும்பில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆக்சிஜனைச் செலுத்துகிறார்கள். சிலிக்கான், பாஸ்பரஸ் போன்றவை ஆக்சைடாகிக் கசடில் சேர்ந்து மிதக்கும். கசடுக்குள் கரித்தூளை ஊதினால் வாயுக் குமிழிகள் கிளம்பி, கசடு நுரைத்துப் பொங்கும். அந்த நுரை வில்லைப் போர்த்துவதால் வெப்பம் வீணாகாது, உலைச்சுவர் சேதமாகாது, காதைப் பிளக்கும் இரைச்சலும் தணியும். சுமார் 1,600 டிகிரியில் உருக்கைக் கொப்பரையில் வடித்து, கந்தகத்தைக் குறைத்து, தேவையான உலோகங்களைச் சேர்ப்பார்கள்.

எங்கே சிக்கல்?

பழைய கார்களின் ஒயரும் மோட்டாரும் செம்பைக் கொண்டுவருகின்றன. ஆக்சிஜனோடு சேர்வதில் இரும்பு செம்பை முந்திக்கொள்ளும். அதனால் செம்பு கசடுக்குப் போகாமல் உருக்கிலேயே தங்கிவிடும். அளவு மிஞ்சினால், சூடாக உருட்டும்போது தகட்டின் மேற்பரப்பு வெடிக்கும். தாதுவிலிருந்து எடுத்த தூய இரும்பைக் கலந்து செம்பின் விகிதத்தைக் குறைக்கலாம். ஆனால் அதற்குக் கூடுதல் செலவும் ஆற்றலும் வேண்டும்.

ஊதுலை வழியில் ஒரு டன் உருக்குக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. பழைய இரும்பை உருக்கும்போது 1 டன்னுக்கும் குறைவு. இந்த ஆதாயம் தரமான உருக்காகவும் கைக்கு வர வேண்டுமானால், காரை நொறுக்கும் முன்பே செம்பைக் கழற்றி எடுக்க வேண்டும். பழைய இரும்பைத் தரம் பிரிப்பவர்களின் உழைப்பை உருக்கு உற்பத்தியின் முதல் கட்டமாக மதித்து, அதற்குரிய கூலியும் கருவிகளும் தருவதே சரி.