கற்பிக்கக் கற்கும் வைத்தியர்

நோய் தீர்க்க வல்ல வைத்தியர் யாவரும் அவ்வறிவைப் பிறர்க்கு உணர்த்த வல்லவரல்லர். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரைப் பயிற்றினார். அவருட் சிலர் தாமும் ஆசிரியராயினர். கற்பித்தலும் பயின்று பெறுதற்குரிய கலையே. கடமையாற்றும் வைத்தியர் மாணாக்கர்க்குக் கற்பிக்குமாறு, 1992இல் அமெரிக்க வைத்தியர் சிலர் ஐந்து படிகள் வகுத்தனர்: நோய் இன்னதென மாணாக்கனையே துணிந்து கூறச் செய்தல், காரணம் வினாவுதல், பொதுவிதி ஒன்று உணர்த்தல், சரியானதைப் பாராட்டல், பிழை திருத்தல். இவற்றுக்குச் சில நிமிடமே போதும். விடையை மட்டும் கேட்டுப் பழகியவன் தனித்துத் துணியான். மாத்தளை மாவட்டத்து லக்கல போன்ற மலைப்புறங்களிலோ, இளவைத்தியர் உசாவுதற்கு மூத்தோர் எப்போதும் அருகில் இரார். ஆங்கு நோயாளிக்குத் துணையாவது, முன்னர் ஆசிரியர் வினாவிய வினாக்களே.