பதிப்பு மாறினால் படம் மறைவதேன்?

பொத்துவில் மாணவர் ஒருவர், பிறர் எழுதிவைத்த 'திரீ.ஜேஎஸ்' என்னும் நிரல் நூலகத்தின் துணைகொண்டு, 2019-இல் அறுகம்குடாவை இணைய உலாவியில் முப்பரிமாணமாக வரைந்தார் என்று கொள்வோம். ஈராண்டு கழித்துப் பார்க்கின்றார். தம் நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை, திரையோ வெறுமை! காரணம் யாது?

அவர் பதிப்பெண் குறியாது, என்றும் புதிய பதிப்பே வரும்படி நூலகத்தை இணைத்திருந்தார். 2021-இல் வந்த 125ஆம் பதிப்பு, பழைய 'ஜியோமெட்ரி'யை மையத்தொகுதியினின்றும் நீக்கிற்று. புள்ளிகளை எண்வரிசையாகத் தொகுக்கும் 'பஃபர்ஜியோமெட்ரி'யே எஞ்சிற்று.

பரிகாரம் எளிது. முதலில், நிரல் ஓடிய பழைய பதிப்பெண்ணைக் குறித்துப் படத்தை மீட்டுக்கொள்க. பின்பு, பிழைச்செய்தி சுட்டும் பெயரை நூலகத்தாரின் மாற்றக் குறிப்பில் தேடித் திருத்தி, பதிப்புப் பதிப்பாக முன்னேறுக. பதிப்பெண் குறித்தல் சிறுவேலைதான். நெடுநாள் உழைப்பைக் காப்பதும் அதுவே.