நீலாங்கரையிலிருந்து ஒரு ராத்திரி நடை

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி நடந்தேன். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஒரு மணி நேரம் வெறும் மணல்தான். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போன கல்லூரிப் பையன் சட்டென்று நின்றான். டிராக்டர் ஏறி இறங்கியது மாதிரி, கடலிலிருந்து ஒரு தடம்.

பங்குனி ஆமை முட்டையிட்டுத் திரும்பிய தடம் அது. குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்தவன், இளகிய இடம் வந்ததும் என் மகளைக் கூப்பிட்டு, "நீ தோண்டும்மா" என்றான். அவள் குப்புறப் படுத்து, கையை ஆழமாக விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பிங்பாங் பந்து அளவு. தொட்டால் குழியும் தோல். மொத்தம் 116. குழியின் ஆழத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டதும் அவள்தான். முட்டைகளைக் கொண்டுபோய்ப் புதைக்கும் பொரிப்பகத்தில் அதே அளவில் புதுக்குழி வெட்ட வேண்டும்.

முட்டைகளை அங்கேயே விட்டால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்தாலும், வெளிச்சத்தை நோக்கிப் போகும் குஞ்சுகள் கடலை விட்டுத் தெருவிளக்கு இருக்கும் சாலைக்கு ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இப்படி நடக்கிறார்கள். வனத்துறை அனுமதியோடு நடக்கும் வேலை இது.

முந்தைய வருஷம் மகளின் பள்ளியில் 'சேவை' என்று ஒன்று நடந்தது. கையில் துடைப்பம், பின்னால் பேனர், போட்டோ, சான்றிதழ். அதன்பிறகு சேவை என்றாலே அவளுக்குக் கசந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்கிறோமே, அவர்களை நம்பி எந்த வேலையைக் கொடுத்தோம்? இங்கே அவள் அளவைத் தப்பாக எழுதினால் குழியே தப்பாகிவிடும். அது தெரிந்ததால்தான் மூன்று முறை அளந்தாள்.

பெற்றோருக்குப் பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. ராத்திரி நேரம், பெண் பிள்ளை, மார்ச்சில் பரீட்சை வேறு. முதல் நாள் கூடவே போங்கள். கடற்கரை தூரம் என்றால் பக்கத்து நூலகமோ ஏரியோ இருக்கும். எங்கே போனாலும் பிள்ளை கையில் ஒரு முழு வேலையைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஐம்பதாம் நாள் சாயங்காலம் 98 குஞ்சுகள் அலைக்குள் போயின. மீதிப் பதினெட்டு ஏன் பொரியவில்லை என்று ராத்திரி சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.