முதல் கத்தி யார் முகத்தில்?

சங்கரன்கோவில் தறிக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் ஓடுகிற தறியை முதல் நாளே ஒப்படைத்துவிடுவார்களா? மாட்டார்கள். கழிவு நூலைக் கையில் கொடுத்து, "ஏலே, மொதல்ல அறுந்த இழைய முடிஞ்சு பழகு" என்பார்கள். முடிச்சுத் தடித்தால் துணியில் தெரியும். இறுக்கம் போதாவிட்டால் இழை மறுபடியும் அறும். கை பழகிய பிறகுதான் பாவுக்குப் பக்கத்திலேயே விடுவார்கள்.

நூலுக்கே இத்தனை முன்ஜாக்கிரதை என்றால், மனிதனுடைய முகத்துக்கு?

ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் போகும்போது சறுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் ஹெல்மெட் இல்லை. கீழ்த்தாடை இரண்டாக முறிந்துவிட்டது. சங்கரன்கோவிலில் முதலுதவி செய்து, பாளையங்கோட்டை 'ஹைகிரவுண்டு' ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆப்பரேஷன் அறைக்கு வெளியே அவருடைய தாயார் நிற்கிறார். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு டாக்டர் உள்ளே போவதைப் பார்த்ததும் அந்த அம்மாளின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: "இந்தத் தம்பி இதற்கு முன்னால் யாருக்காவது இதைச் செய்திருக்கிறாரா?"

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்தப் பெரிய டாக்டரும் ஒரு நாள் முதல் தடவையாகக் கத்தியை எடுத்தவர்தாம். 'என் பிள்ளை முகத்தில் பழக வேண்டாம்' என்று எல்லாத் தாய்மாரும் சொல்லிவிட்டால், நாளைக்கு நம் பேரப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க யார் இருப்பார்கள்?

இந்தச் சிக்கலுக்கு மருத்துவ உலகம் கண்ட வழி ஒன்றே ஒன்று. நாடகக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழிதான். அதன் பெயர் ஒத்திகை!

முகத்தில் அப்படி என்ன?

உங்கள் கீழ்த்தாடையை விரலால் தடவிப் பாருங்கள். கல்லைப் போல் இருக்கிறதல்லவா? அந்த எலும்புக்குள்ளே ஒரு குழாய் ஓடுகிறது. அதில் செல்லும் நரம்பு கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஒரு சிறு துவாரத்தின் வழியே வெளிவந்து, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. துளை போடும் ஊசி தவறி அதில் பட்டுவிட்டால், காப்பி உதட்டோரம் வழிந்தாலும் தெரியாது.

தாடையின் கீழ் ஓரத்தை ஒட்டி இன்னொரு மெல்லிய நரம்பு போகிறது. அது அறுந்தால் ஒரு பக்க உதடு கோணிவிடும், சிரிப்பே மாறிவிடும். இதனால்தான் வெளிப்புறமாகத் தாடையைத் திறக்க வேண்டியிருந்தால், எலும்பின் ஓரத்துக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீழே தோலை வெட்டுகிறார்கள்.

இவை போதாவென்று பற்கள் வேறு. மேல் வரிசையும் கீழ் வரிசையும் பொருந்துவதில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். கை கால் எலும்பு சற்று முன்பின்னாகச் சேர்ந்தால் சட்டைக்குள் மறையலாம். முகத்தை எதற்குள் மறைப்பது?

சுரைக்காய்ப் பள்ளிக்கூடம்

ஒத்திகை என்பது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எவ்வளவு சாஸ்திரம் படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாத மாணவன் ரண சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் கட்டளை.

எதன் மேல் பழகுவதாம்? அறுப்பதற்குப் பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரிக்காய். கட்டியைக் கீறிப் பழக நீர் நிரப்பிய தோல் பை. நரம்பில் குத்திப் பழகத் தாமரைத் தண்டு. பல் பிடுங்கிப் பழக, செத்த மிருகத்தின் பல். தையலுக்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட்டுப் பழகுவதற்கு, மனித உருவில் செய்த ஒரு பொம்மை! இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் படுத்திருக்கும் ரப்பர் பொம்மைகளுக்கு இதுதான் கொள்ளுப்பாட்டன்.

அறுபட்ட மூக்கைச் சரிசெய்யும் முறையையும் அதே நூல் சொல்கிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை முதலில் நறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இலையை வைத்து அளந்துதான் கன்னத்துத் தோலை எடுக்க வேண்டும். இலை தவறாகிவிட்டால் வேறு இலை பறிக்கலாம். கன்னம் இன்னொன்று கிடைக்குமா?

மாட்டு வண்டிக்காரரின் மூக்கு

மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் வீரர்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். புனாவுக்கு அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். எப்படித் தெரியுமா? மெல்லிய மெழுகுத் தகட்டினால் முதலில் ஒரு மூக்குச் செய்து முகத்தில் பொருத்திப் பார்த்தார். திருப்தியான பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு போட்டார். கத்தி அதற்கப்புறம்தான் வந்தது.

1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படத்துடன் வெளியிட்டது. படித்தவர்களில் ஜோசப் கார்ப்பியூ என்ற டாக்டரும் ஒருவர். அவர் அவசரப்படவில்லை. பிணங்களின் மேல் பலமுறை செய்து பார்த்தார். உயிருள்ள மனிதருக்கு அவர் அந்தச் சிகிச்சையைச் செய்தது 1814-ல்! இருபது வருஷப் பொறுமை.

இன்றைய ஒத்திகை

நம் நாட்டில் முகத் தாடை ரண சிகிச்சை நிபுணராக வேண்டுமானால், ஐந்து வருஷம் பல் மருத்துவப் படிப்பு. அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.டி.எஸ். பல் மருத்துவ மாணவன் முதலில் துளை போடுவது மனித வாயில் அல்ல; மேஜையில் பூட்டிய போலித் தலையில், போலிப் பல்லில்.

முன்துருத்திய தாடையைப் பின்னுக்குத் தள்ளும் ஆப்பரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பல் வரிசைகளை முதலில் பாரிஸ் சாந்தில் வார்க்கிறார்கள். தாடை மூட்டைப் போலவே திறந்து மூடும் கருவியில் அவற்றைப் பூட்டுகிறார்கள். பிறகு அந்தச் சாந்துத் தாடையை ரம்பத்தால் அறுத்து, நகர்த்தி, மெழுகால் ஒட்டி, கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நிலைக்குப் பொருந்த ஒரு பிளாஸ்டிக் தகடு செய்துகொண்டு, ஆப்பரேஷனின்போது பற்களுக்கு நடுவே வைத்து அளவை நிச்சயம் செய்கிறார்கள். செங்கல்காரரின் மெழுகு மூக்கும் இதுவும் ஒரே யுக்திதானே?

இப்போது கம்ப்யூட்டரும் கைகொடுக்கிறது. சி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு முறிந்த தாடையை அப்படியே முப்பரிமாண அச்சு யந்திரத்தில் வார்த்துவிடலாம். திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கி உருவம் எடுக்கும் வித்தைக்கு, அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1986-ல் காப்புரிமை பெற்றார். அடிபடாத கன்னத்தைக் கம்ப்யூட்டரில் கண்ணாடி பிம்பம்போல் திருப்பிப் போட்டு, அடிபட்ட கன்னம் எப்படியிருந்திருக்கும் என்றும் கண்டுகொள்ளலாம். டைட்டானியத் தகட்டை அச்சுத் தாடைமேல் முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொண்டால், நோயாளி மயக்கத்தில் கிடக்கும் நேரமும் குறைகிறது. கைப்பிடியிலேயே எலும்பின் கடினத்தை உணர்த்தும் யந்திரங்களும் வந்திருக்கின்றன.

எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் 2019-ல் வந்த விதிகள், கல்லூரிதோறும் பொம்மைகளில் பழகுவதற்குத் தனிக்கூடம் வேண்டும் என்று கூறிவிட்டன. சுசுருதரின் கட்டளை சர்க்கார் விதியாகத் திரும்பி வந்திருக்கிறது!

பொம்மைக்கு ரத்தம் வராது

அப்படியானால் பொம்மையில் பழகியவர் உடனே நிபுணராகிவிடுவாரா? இல்லை. பொம்மைக்கு ரத்தம் பெருக்கெடுக்காது, மூச்சுத் திணறாது. அதற்காக வெளியே காத்திருக்கும் தாயாரும் கிடையாது. கையில் நடுக்கம் வராமல் பார்த்துக்கொள்வதைப் பக்கத்தில் நிற்கும் மூத்த டாக்டரிடம்தான் கற்க வேண்டும். சீடன் முதலில் பார்ப்பான், பிறகு பிடித்துக்கொடுப்பான், பிறகு ஒரு தையல் போடுவான். ஒத்திகை செய்யும் உபகாரம் இதுதான்: தெரியாமல் செய்கிற தவறுகளைச் சுரைக்காயும் சாந்தும் ஏற்றுக்கொள்கின்றன. முகத்துக்கு வரும்போது கை ஓரளவு வழி கண்டிருக்கிறது.

ஆகவே, வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இத்தகைய சிகிச்சை நேர்ந்தால் இளம் டாக்டரைக் கண்டு மிரள வேண்டாம். "உங்களுக்கு வயது என்ன?" என்று கேட்பதைவிட, "முன்கூட்டி மாதிரி செய்து பார்ப்பீர்களா? பெரிய டாக்டர் கூட இருப்பாரா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். சாந்துத் தாடையையோ கம்ப்யூட்டர் படத்தையோ காட்டி, எங்கே அறுப்பார், எங்கே பூட்டுவார் என்று விளக்கக்கூடச் செய்வார்.

இன்னொன்று: வண்டியை எடுக்கும்போது ஹெல்மெட்டையும் எடுங்கள், மோவாயையும் மூடுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். டாக்டர்கள் பாரிஸ் சாந்துத் தாடையை எத்தனை தடவை அறுத்துப் பழகினாலும் பழகட்டும். உங்கள் தாடை அவர்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும்!