ஜோனா லோமு: வேகத்தின் மறுபக்கம்

ரக்பி, நம் வீடுகளில் காற்பந்து அளவுக்குப் பேசப்படும் விளையாட்டு அன்று. ஆயினும் ஜோனா லோமுவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவரது வேகத்தைப் பலர் அறிவர். அந்த வேகத்தோடு கூடவே இருந்த நோயைப் பற்றியும் நாம் அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

தொங்கா நாட்டுப் பெற்றோருக்கு 1975இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்தவர் லோமு. 1994இல், 19 வயதிலேயே, ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் தேசியக் குழுவில் ஆடினார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் எவரும் அக்குழுவுக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடியதில்லை.

எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றுவதை ரக்பியில் ‘டிரை’ என்பர்; அதற்கு 5 புள்ளிகள். திடலின் ஓரத்தில் ஓடும் ‘விங்’ ஆட்டக்காரர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் மெலிந்த உடலினர். லோமுவோ 196 செ.மீ. உயரமும் ஏறக்குறைய 120 கிலோ எடையும் கொண்டவர். 1995 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 4 டிரைகள் அடித்தார். முதல் டிரையின்போது, தடுக்க வந்த மைக் கேட்டை மிதித்துக்கொண்டே ஓடினார்.

அதே ஆண்டின் இறுதியில் அவருக்குக் கடுமையான சிறுநீரக நோய் இருப்பது தெரியவந்தது. சிறுநீரகம் ஒரு வடிகட்டி. கழிவை வெளியேற்றிப் புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்திவைப்பது அதன் பணி. ‘நெஃப்ரோட்டிக்’ நோயில் அந்த வடிகட்டி பழுதடைந்து, புரதம் சிறுநீரில் கசிகிறது. உடல் வீங்கும், சோர்வு வாட்டும்.

இந்த உடலோடுதான் அவர் 1998இல் கோலாலம்பூர் வந்து, காமன்வெல்த் விளையாட்டுகளின் எழுவர் ரக்பியில் நியூசிலாந்துக் குழுவுடன் தங்கம் வென்றார். 1999 உலகக் கிண்ணத்தில் 8 டிரைகள் அடித்தார். இரு உலகக் கிண்ணங்களிலும் சேர்த்து 15! அச்சாதனையைத் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா 2015இல்தான் சமன் செய்தார். ஆனால், உலகக் கிண்ணத்தை வெல்லும் வாய்ப்பு லோமுவுக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

63 டெஸ்ட் ஆட்டங்கள், 37 டிரைகளுடன் 2002இல் அவரது அனைத்துலக ஆட்டம் முடிந்தது. 2003இல் டயாலிசிஸ் தொடங்கியது. 2004இல் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தம் சிறுநீரகம் ஒன்றை அவருக்குத் தானமாக வழங்கினார். அந்தச் சிறுநீரகத்தோடு 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் குழுவில் மீண்டும் ஆடினார். 2011இல் அதுவும் செயலிழந்தது. 2015 நவம்பர் 18ஆம் நாள், 40 வயதில் லோமு மறைந்தார்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. வலிமையான உடலையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை என்பதற்கு லோமுவே சான்று. எளிய சிறுநீர்ச் சோதனையே புரதக் கசிவைக் காட்டிவிடும். உடல் உறுப்புத் தானம் குறித்து வீட்டில் பேசத் தயங்குகிறோம். ஒருவரின் கொடை லோமுவை மீண்டும் திடலுக்கு அழைத்து வந்ததை எண்ணியாவது அந்தப் பேச்சைத் தொடங்கலாமே!