சவ்வுக்கு அடியில் ஒரு வலை

சிவப்பணுவின் அகலம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர். அது நுழைய வேண்டிய மிகக் குறுகிய தந்துகிகளில் அதில் பாதி இடம்கூட இருக்காது. மண்ணீரலில் கடக்க வேண்டிய இடுக்குகளோ இன்னும் சிறியவை. நசுங்கி, நீண்டு அந்தப் பக்கம் வெளிவந்த நொடியிலேயே, இருபுறமும் குழிந்த பழைய வட்டமாகிவிடுகிறது. சுமார் 120 நாள் இதுதான் அதன் பிழைப்பு.

வெறும் சவ்வால் இது ஆகாது. 5 நானோமீட்டர் தடிமனுள்ள அந்தக் கொழுப்புப் படலம் திரவம்போல் நழுவக்கூடியது; வடிவத்தை அதனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதை ஏந்திப் பிடிப்பது உட்புறம் விரிந்திருக்கும் ஒரு புரத வலை. வலையின் இழை, 1968இல் இனங்காணப்பட்ட ஸ்பெக்ட்ரின். முழுக்க இழுத்தால் 200 நானோமீட்டர் நீளும்; அணுவுக்குள் சுருங்கியே கிடக்கிறது. விரிந்து மீள அந்த இடைவெளிதான் உதவுகிறது. இழைகள் கூடும் முடிச்சுகளில் குட்டையான ஆக்டின் துண்டுகள் உண்டு. வலையைச் சவ்வோடு பிணைக்கும் முக்கியமான கொக்கி, ஆங்கிரின் என்ற இன்னொரு புரதம்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தக் கொக்கிதான். மரபுக் குறையால் ஆங்கிரினோ ஸ்பெக்ட்ரினோ குறைந்துபோனால், பிடிமானம் இல்லாத இடங்களில் சவ்வு மொட்டுமொட்டாகக் கழன்று போகிறது. உள்ளிருக்கும் சரக்கு அவ்வளவாகக் குறைவதில்லை, போர்வைதான் குறைகிறது. நல்ல சிவப்பணுவிடம் தன் கொள்ளளவுக்குத் தேவையானதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் சவ்வு இருக்கும்; தொளதொளப்பான சட்டை போட்டவர் எளிதில் குனிந்து நிமிர்வதுபோல் அது வளைவது அதனால்தான். அந்த மிச்சம் தீர்ந்ததும் அணு உருண்டையாகிவிடுகிறது. உருண்டை நசுங்காது. மண்ணீரல் இடுக்கில் சிக்கி அழிகிறது. ரத்தசோகை, மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கற்கள் என்று நோய் வளர்கிறது. கடுமையான நிலையில் மருத்துவர்கள் மண்ணீரலை அகற்றுவார்கள். அணுக்கள் அப்போதும் உருண்டைதான். ஆனால் அவற்றைச் சிக்கவைக்கும் பொறி இல்லாததால் கூடுதல் நாள் வாழ்கின்றன.

நரம்பணுக்களின் நீண்ட இழைகளிலும் ஸ்பெக்ட்ரின் இருக்கிறது. அங்கே ஆக்டின் வளையங்கள் சுமார் 190 நானோமீட்டருக்கு ஒன்றாக வரிசையாய் நிற்க, அவற்றை இணைத்துப் பிடிப்பது இதே புரதம். ஸ்பெக்ட்ரின் இல்லாத நுண்புழுக்கள் நெளியும்போது அவற்றின் நரம்பிழைகள் அறுந்துபோகின்றன. புழுவை நெளியவிடாமல் முடக்கிவைத்தால் அறுவதில்லை.